ரசாயன ஆலைகளில் கணினியும் தரவும்

ரசாயன ஆலைகளில் வெப்பம், அழுத்தம், ஓட்டம், மட்டம் போன்றவற்றை அளந்து, அந்த அளவுகளை எண்களாகச் சேமித்து, அவற்றைக் கொண்டே ஆலையை இயக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றியது. கணினி இந்தத் தொழிலுக்குள் நுழைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பொதுவாக இந்த வரலாற்றைப் புதுப்புதுக் கருவிகளின் வரிசையாகவே எழுதுகிறார்கள். திரையில் தெரிந்த எண் உண்மையானதா, அது யார் கண்ணில் பட்டது என்ற கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அந்த வரலாறு முழுமை பெறாது. உயிர்கள் போனதும் பிழைத்ததும் அந்தக் கேள்விகளில்தான்.

காற்றும் காகிதமும்

கணினிக்கு முந்தைய ஆலைகளில் காற்றழுத்தக் கருவிகளே கட்டுப்பாட்டைக் கவனித்தன. மெல்லிய குழாயில் ஒரு சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 பவுண்டு வரை இருக்கும் காற்றழுத்தமே செய்தி. உலையின் வெப்பம் கீழ் எல்லையில் இருந்தால் 3, மேல் எல்லையைத் தொட்டால் 15. வால்வைத் திறந்து மூடியதும் அதே காற்றுதான். 1942இல் அமெரிக்காவின் டெய்லர் கருவி நிறுவனத்தில் பணியாற்றிய ஸீக்லரும் நிக்கல்ஸும் இக்கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சரியாக அமைப்பதற்கான எளிய விதிகளை வெளியிட்டார்கள். பொறியியல் மாணவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள்.

அன்றைய தரவு காகிதத்தில் இருந்தது. வட்டமான தாள் ஒன்று கடிகாரப் பொறியால் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும். மைப்பேனா அதன்மேல் கோடு போட்டுக்கொண்டே போகும். ஒரு நாள் முடிந்ததும் தாளைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டி, பேனாவுக்கு மை விடுவார்கள். இன்னொரு பக்கம், ஆபரேட்டர் மணிக்கொரு தரம் மீட்டர்களைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவார். அனுபவப்பட்டவர்கள் கோட்டின் வளைவைப் பார்த்தே உலை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுவார்கள். அளவின் போக்கு கண்ணெதிரே தெரிந்தது அந்தத் தாளின் பெரிய நன்மை. பின்னால் வந்த கருவிகள் பலவற்றில் அது எளிதாகக் கிடைக்கவில்லை.

முதல் கணினிகள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் போர்ட் ஆர்தர் என்ற ஊரில் டெக்சாகோ நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. அங்கிருந்த பாலிமராக்கப் பிரிவைக் கணினியால் நடத்த முடியுமா என்ற ஆய்வு 1956இல் தொடங்கியது. 1959 மார்ச்சில் ஆர்.டபிள்யூ.-300 என்ற கணினி பொறுப்பேற்றது. 26 ஓட்டங்கள், 72 வெப்பநிலைகள், 3 அழுத்தங்கள், 3 கலவை விகிதங்கள் அதன் கட்டுப்பாட்டில் இருந்தன. அக்காலக் கணினிகள் இரண்டு எண்களைக் கூட்ட ஆயிரத்தில் ஒரு விநாடியும், பெருக்க அதைப் போல் இருபது மடங்கும் எடுத்துக்கொண்டன. சராசரியாக 50 முதல் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை பழுதாகவும் செய்தன. இரவும் பகலும் ஓட வேண்டிய ஆலையை அப்படிப்பட்ட பொறியிடம் முழுதாக ஒப்படைக்க முடியாது. ஆகவே எந்த அளவை இலக்காக வைப்பது என்று கணினி சொல்லும். வால்வைத் திருப்பும் வேலை பழைய கருவிகளிடமே இருக்கும். கணினி நின்றுபோனாலும் ஆலை ஓடிக்கொண்டிருக்கும். நிதானமான, பாராட்டத்தக்க ஏற்பாடு அது.

துணிந்து அடுத்த அடி வைத்தது பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம். 1962இல் லங்காஷயரின் ஃப்ளீட்வுட்டில் இருந்த தன் சோடா சாம்பல் ஆலையில் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளை எடுத்துவிட்டு, ஃபெரான்டி ஆர்கஸ் என்ற ஒற்றைக் கணினியை வைத்தது. அது 224 அளவுகளைப் படித்து 129 வால்வுகளை நேரடியாக இயக்கியது. ஆனால் எல்லாம் ஒரே கணினியை நம்பியிருந்ததால், அது நின்றால் எல்லாமே நிற்கும் என்ற அச்சமும் கூடவே இருந்தது. நுண்செயலி வந்த பிறகுதான் இதற்கு வழி பிறந்தது. 1975இல் ஹனிவெல்லின் டி.டி.சி.-2000, ஜப்பானிய யோகோகாவாவின் சென்டம் ஆகிய இரண்டும் வெளிவந்தன. இவற்றில் கட்டுப்பாட்டு வேலை பல சிறு கணினிகளுக்குப் பிரித்துத் தரப்பட்டது. ஒன்று பழுதானாலும் மற்றவை தம் வேலையைத் தொடரும். டி.சி.எஸ். என்று ஆலைகளில் அழைக்கப்படும் இந்த அமைப்பே இன்றும் கட்டுப்பாட்டு அறைகளின் முதுகெலும்பு.

தரவிலிருந்து முன்கணிப்பு

1970களில் ஷெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு புதிய வழியைக் கண்டார்கள். ஒரு வால்வைச் சிறிதளவு திறந்து, அடுத்த சில மணி நேரத்தில் எந்தெந்த அளவு எப்படி மாறுகிறது என்று பதிவு செய்வார்கள். எல்லா வால்வுகளுக்கும் இப்படிச் செய்தால் கிடைக்கும் எண் அட்டவணையே ஆலையின் மாதிரி ஆகிவிடும். அந்த மாதிரியை வைத்து, இப்போது இதைத் திறந்தால் பின்னால் என்ன ஆகும் என்று கணினி முன்கூட்டியே கணக்கிட்டு, விநாடிகளோ நிமிடங்களோ கழித்துத் திரும்பவும் கணக்கைத் திருத்திக்கொள்ளும். அந்தப் பொறியாளர்களில் கட்லரும் ரமாக்கரும் இதை 1979இல் வெளியிட்டார்கள். பிரான்சில் ரிஷாலே குழுவினரும் ஏறக்குறைய அதே காலத்தில் இதையொத்த முறையை உருவாக்கியிருந்தார்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசும்போது இந்தப் பணியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆலையின் சொந்தத் தரவிலிருந்தே பாடம் கற்று ஆலையை நடத்துவதில் இந்தத் தொழிலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் உண்டு.

அதே காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், அரசு நிதியுடன், ஆலைகளைக் கணினிக்குள் உருவகித்துப் பார்க்கும் ஆஸ்பென் மென்பொருள் பிறந்தது. 1980இல் கலிஃபோர்னியாவில் பாட்ரிக் கென்னடி தொடங்கிய நிறுவனம், ஆலையின் அளவுகளை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும் பி.ஐ. என்ற மென்பொருளைத் தந்தது. பல்லாயிரம் சென்சார்கள் விநாடிதோறும் அனுப்பும் எண்களை முழுதாக வைத்துக்கொள்ள அன்றைய வட்டுகளில் இடமில்லை. அளவு ஒரே சரிவில் ஏறவோ இறங்கவோ செய்யும் வரை இடைப்பட்ட எண்களை விட்டுவிட்டு, சரிவு மாறும் இடத்தை மட்டும் எழுதி வைப்பது என்ற உத்தி அந்தச் சிக்கலைத் தீர்த்தது. கோட்டின் திருப்பங்கள் மட்டும் இருந்தால் முழுக் கோட்டையும் ஏறக்குறைய அப்படியே திரும்ப வரைந்துவிடலாம்.

எண் கைவிட்ட இடங்கள்

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, போபால் யூனியன் கார்பைடு ஆலை. மெத்தில் ஐசோசயனேட் இருந்த 610ஆம் எண் தொட்டியின் அழுத்தம் 10.20 மணிக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. ஷிப்ட் மாறியது. 11 மணிக்கு அது 10 பவுண்டு. புதிதாக வந்தவருக்கு அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. 2 முதல் 25 வரை வழக்கமான அளவுதான். நாற்பது நிமிடத்தில் அழுத்தம் ஐந்து மடங்கானதை யாரும் கவனிக்கவில்லை. தொட்டியைக் குளிர்விக்கும் கருவியை நிர்வாகம் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தது. மீட்டர்கள் அடிக்கடி தவறு காட்டியதால் ஊழியர்கள் அவற்றை நம்புவதும் இல்லை. அன்றிரவு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அந்தக் கசிவுக்கு முதல் காரணம் பராமரிப்பின்மையும் செலவுக் குறைப்பும். ஆனால் அழுத்தத்தின் போக்கை ஒரு கோடாகப் பார்த்திருந்தால் எச்சரிக்க நேரம் கிடைத்திருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தரவு பெருகியபோது நேர் எதிரான ஆபத்து வந்தது. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நிகழ்ந்தது. அதற்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. சராசரியாக ஏறக்குறைய 2.4 விநாடிக்கு ஒன்று. எது முக்கியம் என்று பிரித்துப் பார்க்க எந்த மனிதராலும் முடியாது. அலாரங்களை எப்படி வகுப்பது என்ற முறையான வழிகாட்டுதல்கள் இதன் பிறகே உருவாயின.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்போ இன்னும் கலங்க வைப்பது. 170 அடி உயரக் கோபுரம் ஒன்றில் மணிக்கணக்கில் திரவம் ஏறிக்கொண்டே இருந்தது. அதன் மட்டக் கருவி அடிப்பகுதியில் சில அடிகளை மட்டுமே அளக்கும். அதையும் வேறு அடர்த்தி கொண்ட திரவத்துக்கான 1975ஆம் ஆண்டுக் குறிப்பை வைத்துச் சரிப்படுத்தியிருந்தார்கள். ஆகவே திரவம் 158 அடியை எட்டியபோது, மட்டம் மெல்ல இறங்குகிறது என்று கட்டுப்பாட்டு அறைத் திரை காட்டியது. உள்ளே போகும் ஓட்டமும் வெளியே வரும் ஓட்டமும் இரு வேறு திரைகளில் இருந்தன. இரண்டையும் அருகருகே பார்த்திருந்தால் திரவம் எங்கே தங்குகிறது என்ற சந்தேகம் எழுந்திருக்கும். 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

2017இல் சவூதி அரேபியப் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் ட்ரைட்டன் என்ற தீய மென்பொருள் புகுத்தப்பட்டது. ஆபத்து நேரத்தில் ஆலையை நிறுத்தும் கருவிகள் அவை. தாக்கியவர்களின் பிழையால் ஆலை தானாக நின்றுவிட, சதி வெளிப்பட்டது. பொய் எண்ணை இனி ஒருவர் வேண்டுமென்றே எழுதவும் கூடும் என்பதை அது காட்டியது.

அண்மைக் காலம்

ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். 2017இல் லுட்விக்ஸ்ஹாஃபனில் ரசாயன ஆய்வுக்கென்றே க்யூரியாசிட்டி என்ற மீக்கணினியை நிறுவியது. 2022 ஜனவரி, பிப்ரவரியில் ஜப்பானிய ரசாயன ஆலையொன்றின் வடிகோபுரத்தைச் செயற்கை நுண்ணறிவு 35 நாட்கள் தொடர்ந்து கட்டுப்படுத்தியது. யோகோகாவாவும் நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து உருவாக்கிய நிரல் அது. அங்கும் மனிதர்கள் கவனித்துக்கொண்டு இருக்கத்தான் வேண்டும்.

இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் அதிக மாசு தரும் 17 வகைத் தொழில்களுக்கு ஓர் ஆணை இட்டது. புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலிலும் இடைவிடாது அளக்கும் கருவிகளை வைத்து, அளவுகளை இணையம் வழியே வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். பூச்சிமருந்து, சாயம், மருந்து, பெட்ரோகெமிக்கல் ஆலைகள் அந்தப் பட்டியலில் உண்டு. ஆலையின் தரவு மதிலைத் தாண்டி வெளியே வந்தது. தமிழ்நாட்டில் கடலூர் சிப்காட் பகுதி மக்களோ இதற்கெல்லாம் முன்பே, 2004 வாக்கில், பிளாஸ்டிக் வாளியும் பையும் கொண்டு காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தங்களைச் சுற்றியுள்ள காற்றைத் தாங்களே அளந்த அவர்களுக்கு இந்த வரலாற்றில் இடம் உண்டு.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் நெடியால்தான் அதை அறிந்து வீதிக்கு ஓடிவந்தார்கள். ஆலைகள் விநாடிதோறும் சேர்த்து வைக்கும் எண்களில் காற்றையும் நீரையும் பற்றியவை, சுற்றியிருக்கும் ஊர்களுக்குத் தமிழில், அப்போதைக்கப்போதே கிடைக்க வேண்டும். அதற்கான தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. வாரியங்களும் ஆலைகளும் அதைச் செய்ய முன்வர வேண்டும்.