காற்றுக்குக் கணக்கு உண்டு... ஆற்றுக்கு?

குச்சனூர் என்றதும் சட்டென்று நினைவுக்கு வருவது யார்? சனி பகவான்தானே! சுரபி நதிக்கரையில் சுயம்புவாக இருக்கும் சனீஸ்வரரைப் பார்க்க, ஆடிச் சனிக்கிழமைகளில் எங்கிருந்தெல்லாமோ வந்து கூட்டம் குவியும். அதே ஆடியில் கம்பம் பள்ளத்தாக்குக்கு இன்னொரு விருந்தாளியும் வருவார். காற்று!

ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம்... தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் புகுந்து தமிழகத்துக்குள் சீறிப் பாயும் வழிகள் இவை நான்கும். தேனி மாவட்டத்தில் ராட்சதக் காற்றாடிகள் வரிசை கட்டி நிற்பது இதனால்தான்.

'அது சரி, இந்தக் காற்றாடிக்கும் நான் போட்டிருக்கிற பனியனுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? நிறையவே இருக்கிறது.

நூற்பாலை முதலாளிக்குப் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு கரண்ட். ராத்திரி பகல் பாராமல் கதிர்கள் சுற்ற வேண்டும். 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் மளமளவென்று பெருகின. மில்கள் பெருகப் பெருகக் கரண்ட் போதவில்லை. பவர்கட், கட்டண உயர்வு என்று முதலாளிகள் விழி பிதுங்கினார்கள்.

1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் அரசு சோதனையாகக் காற்றாலைகளை நிறுத்திப் பார்த்தது. அதன்பிறகு மத்திய அரசு ஒரு சலுகையை நீட்டியது. காற்றாலைக்குப் போட்ட பணம் முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி, லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். அப்புறம் சொல்லவும் வேண்டுமா? வரி மிச்சம். காற்றாலை கரண்ட்டை மின்வாரியக் கம்பியில் ஏற்றி, எங்கோ இருக்கும் மில்லின் பில்லில் கழிக்கலாம். சீசனில் மிஞ்சுவதை வாரியத்திடம் 'டெபாசிட்' போட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். 2003 மின்சாரச் சட்டமும் 2005 விதிகளும் வந்தபின், தனியாகக் காற்றாலை வைக்க வசதி இல்லாதவர்களும் கூட்டுச் சேர்ந்தார்கள். 26 சதவிகிதப் பங்கு வைத்திருந்து, உற்பத்தியில் 51 சதவிகிதத்தை அவர்களே பயன்படுத்தினால் போதும்.

இவர்களெல்லாம் பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப் போட்டார்கள், கட்டுப்படியானது, அவ்வளவுதான். ஆதாரம் வேண்டுமா? 2012-ல் அந்தத் தேய்மானச் சலுகையைக் குறைத்ததும் புதிய காற்றாலைகள் வருவது சடசடவென்று சரிந்தது. 2014-ல் மறுபடி கொடுக்க வேண்டியதாயிற்று.

இனி இன்னொரு கணக்குக்கு வருவோம். அந்த நூல் அடுத்துப் போகிற இடம் திருப்பூர். பனியன் துணிக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியோடு போகும், உப்பு கழிவுநீரோடு போகும். சுத்தம் செய்தால் செலவு, நொய்யலில் விட்டால் ஓசி! சலவை, சாயப் பட்டறைகள் எதைத் தேர்ந்தெடுத்தன என்று சொல்லத் தேவையில்லை.

1992-ல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தொட்டியானது. 'அணையைத் திறந்துவிடாதீர்கள்' என்று விவசாயிகளே கெஞ்சிய கொடுமை வேறெங்காவது உண்டா? கிணறும் மண்ணும் உப்பானது. பனியன் மலிவாகத்தான் கிடைத்தது. மீதி விலையைக் கொடுத்தவர் நொய்யல் கரை விவசாயி.

அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியே விடும் கழிவுக்கு லிட்டர் இத்தனை பைசா என்று விலை போட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பூரே ஆடிப்போனது. ஆர்டர்கள் வேறு ஊர்களுக்குப் பறந்தன. வேலை போனது தொழிலாளிக்கு.

பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறையோடு பட்டறைகள் திறந்தன. இப்போது கழிவிலிருந்து தண்ணீரின் பெரும்பகுதியையும் உப்பையும் மீட்டு, மறுபடி அதே சாயத்தொட்டிக்கு அனுப்புகிறார்கள். ஒருகாலத்தில் லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கிய ஊர் இது! செலவு ரொம்பவே அதிகம், கரண்ட்டும் ஏராளமாகக் குடிக்கும். ஆனாலும் வெளிநாட்டுக் கம்பெனிகள் 'என்ன கரண்ட், என்ன தண்ணீர்?' என்று துருவித் துருவிக் கேட்கும் இந்தக் காலத்தில், பதில் சொல்லத் திருப்பூரின் கையில் ஏதோ இருக்கிறது.

சூழலைக் காப்பது வியாபாரத்துக்கு லாபமா, நஷ்டமா? பில் யார் பெயருக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. கரண்ட் பில் மில் முதலாளியின் பெயருக்கு வந்தது, யாரும் சொல்லாமலே காற்றைத் தேடிப் போனார். ஆற்றின் பில் விவசாயியின் பெயருக்குப் போனது. அதை உரியவரின் பெயருக்கு மாற்றி எழுத ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறையின் வயல் உப்பாகிவிட்டது.