வரிக் குறைப்பும் ‘சிற்றரசும்’: இரு கருத்துகளின் வரலாறு

வரி குறைய வேண்டும் என்பதும் அரசு சுருங்க வேண்டும் என்பதும் வெவ்வேறு கருத்துகள். பொருளியல் எழுத்தில் இவை இணைந்தே வருவதால் மொழிபெயர்ப்பாளரும் ஒன்றாகவே கொள்கின்றனர். இந்திய வரி வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

முதற் கருத்துக்குத் தமிழில் பழைய வேர் உண்டு. பாண்டியன் அறிவுடைநம்பியை நோக்கிப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்று 184ஆம் பாட்டு இறை கொள்ளும் நெறியை உவமையால் விளக்குகிறது. நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால் சிறுநிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலிற் புகுந்தால் அது தின்பதினும் காலால் அழிவது மிகுதி. யானை சிறுக்க வேண்டும் என்று புலவர் கூறவில்லை என்பது கருதத்தக்கது. முதற் குலோத்துங்கனின் ‘சுங்கந் தவிர்த்த’ என்னும் அடைமொழியும் ஒரு வரியின் நீக்கத்தைப் புகழ்கிறதேயன்றி ஆட்சியின் சுருக்கத்தை அன்று.

இரண்டாம் கருத்து 1959இல் தோன்றிய சுதந்திராக் கட்சியின் வழி வலுப்பெற்றது. இராஜாஜி ‘பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்’ என்ற தொடரை வழக்கில் நிறுத்தினார். ஆங்கிலேயர் ஆட்சியைச் சுட்டிய ‘ராஜ்’ விடுதலை பெற்ற நாட்டின் தொழில் அனுமதி முறைமீது ஏற்றப்பட்டது. வாதத்தின் பாதி அச்சொல்லிலேயே முடிந்துவிட்டது எனலாம். ஆயின் அது சாடியது அனுமதி தரும் அதிகாரத்தையே. வரி வீதம் அத்தொடரில் இல்லை. கட்சி 1967இல் மக்களவையில் 44 இடங்களைப் பெற்று, 1974இல் பாரதிய லோக் தளத்தில் இணைந்து மறைந்தது.

அதே காலத்தில் வரி வீதம் வேறு வழியிற் சென்றது. 1973-74இல் உச்ச வருமான வரி, மேல்வரி உட்பட, 97.75 விழுக்காடு. அவ்வரம்பில் கூடுதலாக 100 ரூபாய் ஈட்டியவர்க்கு எஞ்சியது 2 ரூபாய் 25 காசு. உயர் வீதமே ஏய்ப்பின் முதன்மைக் காரணம் என்று வாஞ்சூ குழு 1971இலேயே கூறி, 75 விழுக்காட்டைப் பரிந்துரைத்திருந்தது. 1974-75இல் வீதம் 77 ஆயிற்று. குறைத்தது 1969இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கிய இந்திரா காந்தியின் அரசே. அரசைச் சுருக்குவது அதன் நோக்கம் என்று எவரும் கூறார், வேண்டியது வருவாய். பின்னர் 1985-86இல் 50, 1997-98இல் 30. தொண்ணூறுகளில் உள்நாட்டு உற்பத்தியில் நேர்முக வரியின் பங்கு உயர்ந்தது. இதற்குக் குறைந்த வீதம் காரணமா, மூலத்திலேயே வரி பிடிக்கும் முறை விரிந்தது காரணமா என்பதில் பொருளியலாரிடையே உடன்பாடில்லை. இராஜாஜி எதிர்த்த உரிம முறையோ 1991 சூலையில் தனி ஆணையால், 18 தொழில்கள் நீங்கலாக, அகற்றப்பட்டது.

‘சிறிய அரசு’ என்ற பெயர்ப்பின் இடர் இங்கே விளங்கும். தொகையாக்கினால் அது ‘சிற்றரசு’ ஆகிப் பேரரசுக்குத் திறை செலுத்தும் குறுநில ஆட்சியைக் குறிக்கும். ‘அரசு’ என்பதும் நாட்டமைப்பு, ஆளும் அமைச்சரவை இரண்டையும் தழுவும். மூலம் அனுமதி அதிகாரத்தைச் சாடுமிடத்து ‘வரம்புக்குட்பட்ட ஆட்சி’ எனலாம். செலவைச் சாடுமிடத்து ‘அரசுச் செலவுச் சுருக்கம்’ போதும். வரி வீதம் மட்டும் பேசப்படுமிடத்து ‘அரசு’ என்ற சொல்லே வேண்டா.