66ஏ பிரிவின் வரலாறு: இணையத் தீங்கும் சட்டத்தின் சொற்களும்

66ஏ என்பது இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவு ஆகும். இணையத்திலும் கைபேசியிலும் பரவும் தீய செய்திகளைத் தண்டிக்க இது கொண்டுவரப்பட்டது. 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருந்த இப்பிரிவை, 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. இணையத்தில் எது தீங்கு, அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியை இந்தியா எதிர்கொண்ட விதத்தை இதன் வரலாறு காட்டுகிறது.

பின்னணி

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, மின்வணிகத்துக்குச் சட்ட ஏற்பு அளிப்பதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. தீய உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, ஆபாசத்தைத் தண்டிக்கும் 67ஆம் பிரிவே முக்கியமானதாக இருந்தது. 2004ஆம் ஆண்டு இறுதியில், பள்ளி மாணவர்களின் அந்தரங்கக் காணொளி ஒன்று இணைய ஏலத் தளம் ஒன்றில் விற்பனைக்கு வந்தது. அதைப் பதிவிட்டவர் வேறொருவர் என்றாலும், தளத்தின் தலைமை நிர்வாகியும் கைது செய்யப்பட்டார். பிறர் இடும் பதிவுக்குத் தளத்தை நடத்துபவர் எந்த அளவு பொறுப்பு என்ற விவாதம் இதனால் எழுந்தது.

2008ஆம் ஆண்டுத் திருத்தம்

2008 டிசம்பரில் நாடாளுமன்றம் இச்சட்டத்தைத் திருத்தியது. தளங்களுக்கான சட்டப் பாதுகாப்பு விரிவாக்கப்பட்டது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் ஒப்புதலின்றிப் படமெடுப்பதையும் பரப்புவதையும் 66இ பிரிவு குற்றமாக்கியது. குழந்தைகளைப் பாலியல் நோக்கில் சித்தரிக்கும் உள்ளடக்கத்தை 67பி பிரிவு குற்றமாக்கியது. இவற்றோடு 66ஏ பிரிவும் சேர்ந்தது. "மிகவும் புண்படுத்தும்" செய்தியை அனுப்புவோருக்கும், பொய் எனத் தெரிந்தே "எரிச்சல்" அல்லது "இடையூறு" உண்டாக்கத் தொடர்ந்து செய்தி அனுப்புவோருக்கும் 3 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்க அது வழிசெய்தது. எது புண்படுத்துவது என்று சட்டம் வரையறுக்கவில்லை.

இச்சொற்கள் பழையவை. 1935இல் பிரித்தானியா, தொலைபேசி இணைப்பகப் பணியாளர்களை வசைமொழியிலிருந்து காப்பதற்காக இத்தகைய சொற்களைச் சட்டத்தில் சேர்த்தது. பின்னர் அவை அந்நாட்டின் 2003ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்திலும் இடம்பெற்றன. ஒருவர் காதில் விழும் வசவைத் தடுக்கப் பிறந்த விதி, ஊரறியப் பேசும் இணையத்துக்கும் பொருந்துவதாயிற்று.

கைதுகள்

2012ஆம் ஆண்டில் இதன் விளைவு வெளிப்பட்டது. மேற்கு வங்க முதலமைச்சரைக் கேலி செய்யும் படத்தை மின்னஞ்சலில் பகிர்ந்த கொல்கத்தாப் பேராசிரியர் ஒருவர் ஏப்ரலில் கைதானார். மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதிய புதுச்சேரித் தொழில் முனைவோர் ஒருவர் அக்டோபரில் கைதானார்.

நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டன. அதைக் கேள்வி கேட்டு முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பம் தெரிவித்த அவருடைய தோழியும் பால்கரில் கைது செய்யப்பட்டனர். எழுதிய பெண்ணின் உறவினர் நடத்திய மருத்துவமனையை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. கண்ணுக்குத் தெரிந்த சேதம் அந்த மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. 66ஏ பிரிவோ பதிவு எழுதியவர் மீதே பாய்ந்தது.

தீர்ப்பு

இக்கைதுகளைத் தொடர்ந்து சட்ட மாணவி சிரேயா சிங்கால் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நீதிபதிகள் செலமேஸ்வர், ரோகிண்டன் நாரிமன் ஆகியோர் அமர்வு 66ஏ பிரிவை முழுமையாக நீக்கியது. கருத்தை விவாதிப்பதும், அதற்காக வாதாடுவதும், எவ்வளவு வெறுப்பூட்டினாலும், பேச்சுரிமைக்குள் அடங்கும்; தூண்டிவிடும் நிலையை எட்டும்போதுதான் அரசு தலையிடலாம் என்று அது விளக்கியது. இங்கிலாந்தில் ஒரே செய்தியைக் கீழ் நீதிமன்றங்கள் ஒருவிதமாகவும் மேல் நீதிமன்றம் வேறுவிதமாகவும் மதிப்பிட்டதை அது சுட்டிக்காட்டியது. பயிற்சி பெற்ற நீதிபதிகளே வேறுபடும் சொல்லை வைத்துக் காவல் அலுவலர் கைது செய்ய இயலாது என்பது இதன் உட்பொருள்.

தளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவு, அதற்குரிய நடைமுறைப் பாதுகாப்புகளைக் காரணம் காட்டி ஏற்கப்பட்டது. நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிப்போ வந்த பின்னரே தளம் உள்ளடக்கத்தை நீக்கக் கடமைப்பட்டது என்றும் தீர்ப்புக் கூறியது. 66இ, 67பி போன்ற பிரிவுகள் தொடர்ந்தன. அவை மன உணர்ச்சியை அல்ல, செயலைப் பெயரிட்டுச் சொல்பவை.

பின்னர்

2018இல் குழந்தைக் கடத்தல் வதந்திகள் வாட்சப்பில் பரவின. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த குடும்பத்தைக் கூட்டம் தாக்கியதில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த வதந்திகளைப் பகிர்ந்த பலர் அவற்றை எச்சரிக்கை என்றே நம்பினர். எரிச்சலையும் புண்படுத்தலையும் அளவுகோலாகக் கொண்ட சட்டம் இருந்திருந்தாலும் அவர்களைத் தடுத்திருக்காது. அதே ஆண்டு ஜூலையில் வாட்சப், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு விதித்தது. இது பேச்சைத் தண்டிக்காமல் பரவும் வேகத்தைக் குறைக்கும் முயற்சி ஆகும்.

2021ஆம் ஆண்டு விதிகள், தளங்கள் குறைதீர் அலுவலரை அமர்த்த வேண்டும் என்றும், அந்தரங்கப் படம் குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் அளித்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் வகுத்தன.

நீக்கப்பட்ட பின்னும் பல காவல் நிலையங்கள் 66ஏ பிரிவின்கீழ் வழக்குப் பதிந்தன. அதன்கீழ் எவர் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.