கங் கங்

கொரியத் தொடர்களில் ஊறிய என் மாணவிகளுக்கு ‘ஆஜும்மா’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. நடுவயதுக் குடும்பப் பெண். பூசான் துறைமுகத்து வட்டார வழக்கில் அது ‘அஜிமே’. அந்நகரின் யோங்தோ தீவில், கப்பல் பழுதுபார்க்கும் தேப்யோங் பகுதியில், ‘கங்கங்கி அஜிமே’ என்றே ஒரு தொழிலாளர் கூட்டத்துக்குப் பெயர். ‘கங் கங்’ என்பது இரும்புத் தகட்டில் சுத்தியல் விழும் ஓசை. இரட்டைக்கிளவி நடத்தும்போது இப்போதெல்லாம் இவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜப்பானியர் ஒருவர் 1887இல் அங்கே தொடங்கிய கப்பல் பட்டறையிலிருந்து அவ்வூரின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது 1970களும் 80களும்தான். ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல்கள் பெருகிய காலம். பழுதுபார்க்க வரும் கப்பலைக் கரையேற்றியதும் தகட்டிலுள்ள துருவையும் பழைய பெயிண்டையும் ஒட்டியிருக்கும் சிப்பிகளையும் நீக்கியாக வேண்டும். துருவின் மேல் பூசிய பெயிண்ட் நிற்காது. அடியில் அரிப்பு தொடரும். சிப்பி மண்டிய கப்பல் நீரில் இழுபடும், எண்ணெயைக் குடிக்கும். இந்த வேலை முடியாமல் பெயிண்டர் தூரிகையைத் தொட முடியாது. இதைத்தான் பெண்களிடம் விட்டார்கள்.

கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தட்டினார்கள். கப்பலின் உட்புறத் தொட்டிகளுக்குள் இறங்கினால் இருட்டு, துருத் தூசு, நாலு பக்கமும் மோதித் திரும்பும் ஓசை. போரில் ஊரை விட்டு வந்தவர்கள், கணவனை இழந்தவர்கள், ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் ஓட்ட முடியாதவர்கள். அந்தக் கூலியில் பிள்ளைகள் படித்தார்கள். தோளும் மணிக்கட்டும் தேய்ந்தன. பலருக்குக் காது மந்தமாயிற்று. வேலையை விட்ட பிறகும் காதுக்குள் இரைச்சல் நிற்கவில்லை. பெயர் கொடுத்த ஓசையே செவியைத் தின்றிருக்கிறது.

கொரியாவில் புதுக் கப்பலுக்குப் பெயர் சூட்டும் விழாவில், சிறு கோடரியால் கயிற்றை வெட்ட ஒரு பெண்ணை அழைப்பார்கள். பெரும்பாலும் பெரிய இடத்துப் பெண். அந்தப் புகைப்படம் செய்தித்தாளில் வரும். சில வருடம் கழித்து அதே கப்பல் துருவேறித் திரும்பும்போது சுத்தியலோடு ஏறும் பெண்ணைப் படமெடுக்க யாரும் வரமாட்டார்கள். கட்டுவதற்கு வரலாறு உண்டு. பராமரிப்பதற்குக் கூலி மட்டும். வீட்டு வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் கூலியும் நமக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

இன்று அவ்வூர் கலைக் கிராமமாகிவிட்டது. அடுக்குமாடிச் சுவர் ஒன்றில் முதிய பெண்ணின் பெரிய முகத்தை ஜெர்மன் ஓவியர் ஒருவர் வரைந்திருக்கிறார். ‘நம் எல்லோருக்கும் தாய்’ என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. அழகான முகம். தலைப்புதான் எனக்கு உறுத்துகிறது. தாய் என்றழைத்ததும் கூலி, காது, நஷ்டஈடு பற்றிய பேச்செல்லாம் நன்றிக்குள் அமுங்கிப்போகிறது. அவர்கள் தொழிலாளிகள். அதிலும் தேர்ந்த தொழிலாளிகள்.

போன மாதம் எங்கள் கல்லூரிக்கு வண்ணமடித்தார்கள். பெயிண்டர்கள் ஆண்கள். அவர்களுக்கு முன்பே வந்து பழைய பூச்சைச் சுரண்டிய இரண்டு பெண்களுக்குப் பெயர் ‘சித்தாள்’. சுரண்டும் ஓசை ‘சரக் சரக்’கா ‘பறட் பறட்’டா என்று வகுப்பில் வாக்குவாதம். வெளியே போய் அந்த அக்காக்களையே கேட்டு வாருங்கள் என்றேன்.