கந்தையில் எழுதிய வரலாறு

கல்லிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் உள்ளவற்றையே வரலாற்றுச் சான்றாகக் கொள்வது நம் வழக்கம். அவற்றை எழுதுவித்தோர் பெரும்பாலும் அரசரும் நிலமுடையோருமே. எழுத்தறியாப் பெண்டிர் தம் வாழ்வை எங்கே பதிந்தனர்? தாம் தைத்த கந்தைகளில் என்பது ஒரு விடை.

'கந்தை' என்னும் சொல்லுக்கு உறவான 'காந்தா', வங்காளத்தில் ஒரு கலையின் பெயர். பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையினின்று உருவிய வண்ண நூலால் ஓடுதையலிட்டுப் போர்வையாக்கினர். குருசதய தத்தர் (1882–1941) திரட்டியவற்றுள் ஒன்று, மானதாசுந்தரி என்பவர் தம் தந்தைக்கெனத் தைத்தது. அச்செய்தியையும் ஊசியாலேயே எழுதியுள்ளார். ஜசீமுத்தீனின் 1929ஆம் ஆண்டுக் கதைப்பாடலில், கணவனைப் பிரிந்தவள் தன் கதையைக் காந்தாவில் தைத்து, அதனைத் தன் கல்லறைமீது விரிக்கச் சொல்லி மடிகிறாள்.

வடகன்னடத்தில் வாழும் சித்திகள், ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழியினர். ஒட்டுத்துணிப் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவில் முடிக்கும் அவர்தம் மகளிர், மூலைகளில் 'பூ' வைத்துத் தைக்காவிடின் அது நிறைவுறாது என்பர். கடல் கடந்த அமெரிக்காவில், அலபாமாவின் கறுப்பினப் பெண்ணொருவர், மறைந்த கணவரின் வேலை உடைகளையே 1942இல் போர்வையாக்கினார். எய்ட்சு நோயால் மாண்டோரின் பெயர் தாங்கிய 1,920 துணிப்பலகைகள் 1987இல் வாசிங்டன் நகரில் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி. ஒரு புதைகுழியின் அளவு.

நம் திண்டுக்கல் சமவெளியிலும் பழஞ்சேலைக்கு மதிப்புண்டு. சின்னாளபட்டிச் சுங்குடி நைந்து மெலிந்த பின்னரே பச்சிளங் குழந்தைக்கு விரிப்பாகவும் தூளியாகவும் தகுதி பெறும். ஆயினும் நாம் துணியில் பெயரைத் தைக்கவில்லை, வாய்ச்சொல்லாகவே வைத்திருந்தோம். 'இது உன் அப்பத்தாளின் சேலை' என்று சொல்பவள் மறைந்தால், சேலை வெறுந்துணியாகிவிடும். பழந்துணிக்குப் பாத்திரம் தருபவரின் மூட்டைக்குள் போய்விடும். மானதாசுந்தரியை நாம் அறிவது அவர் பெயரைத் தைத்ததனால் அன்றோ?

ஆகவே துணியைக் காப்பது மட்டும் போதாது. அதனோடு சொல்லும் காக்கப்படல் வேண்டும். எழுத்தின் முதலையே பெயராகக் கொண்டது நம் அகரம். இவ்வூர் மூதாட்டியரின் பெட்டிகளில் உள்ள சேலை யாருடையது, எத்திருமணத்திற்கு வாங்கியது, எத்தனை பிள்ளைகளைத் தாங்கியது எனக் கேட்டு எழுதும் பணியை, பத்தாண்டு கண்ட நம் வட்டம் மேற்கொள்ளலாம். சொல்வோர் இருக்கும்போதே அது நிகழ்தல் வேண்டும்.