நேர்முகமும் எல்லைக்கோடும்

பல்கலைக்கழகம் புக விழையும் மாணவரைப் பழைய மாணவர் ஒருவர் நேரிற் கண்டு உரையாடி அறிக்கை அனுப்பும் வழக்கம் அமெரிக்காவுக்குரியது. விரும்பினோர்க்கு மட்டும் என இன்று பலவிடத்தும் வழங்கும் நேர்முகத்தின் வரலாறு அத்துணைத் தூயதன்று. 1922இல் ஹார்வர்ட் தலைவர் லோவெல் யூத மாணவர் தொகைக்கு வரம்பு கட்ட முற்பட்டார். எதிர்ப்பு எழவே, 1926 அளவிற் 'குணநலன்' அளவுகோலாயிற்று. அதனை அளக்க நேர்முகமும் நிழற்படமும் துணைநின்றன. (புசல்லாவையில் 1840களில் றொத்சைல்ட் தோட்டத்தை அமைத்த டி வேர்ம்ஸ் சகோதரரும் யூதரே.)

ஈழத்திலோ மாணவரை எவரும் முகம் பார்ப்பதில்லை. புள்ளியும் மாவட்டமுமே பார்க்கப்படுகின்றன. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், 1974இன் மாவட்ட ஒதுக்கீடும் தமிழ் மாணவர் பலரை வெளியே நிறுத்தின. எனினும், மாவட்ட ஒதுக்கீடே பின்னர் மலையகத்துக்குச் சிறு வாயிலும் திறந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. இன்று திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம் உண்டு. நுவரெலியா அப்பதினாறில் ஒன்று; கண்டி அன்று. புசல்லாவையோ இவ்விரு மாவட்டங்களின் எல்லையை அண்டியது. இருபுறமும் அதே தேயிலை, அதே லயம், அதே வறுமை. எல்லைக்கோட்டுக்கு இப்பாற் பயிலும் தொழிலாளியின் மகளுக்கு அந்த 5 வீதத்திற் பங்கில்லை. அப்பாற் பயில்பவளுக்கு உண்டு.