ஒரு பவுண்டுத் தானியம்

1999-இல் இலண்டனில் ஒரு குடும்பம், 1900-ஆம் ஆண்டு மக்களைப் போலவே மூன்று மாதம் வாழ்ந்து பார்த்தது. தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பியது. விக்டோரியா அரசியார் காலத்துச் சிரமங்களை அவர்கள் தம் உடலாலேயே உணர்ந்தனர். அதே அரசியாரின் ஆட்சியில் நம் சேலத்துச் சிற்றூர்கள் பட்ட பாட்டை நாம் அறிய வேண்டாமா?

1876-78 பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்றனர் நம் முன்னோர். 1877 சனவரியில் அரசின் பஞ்சத் தூதர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளரின் நாட்கூலியை ஒரு பவுண்டுத் தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். உடல் தாங்காது என்று வாதாடினார் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். பின்னர்தான் கூலி சற்று உயர்ந்தது. 1871-இல் ஏறக்குறைய 19.7 லட்சமாயிருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881-இல் 16 லட்சமாயிற்று.

அன்பர்களே, செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை மூட்டையாகத் தானியத்தைக் காண்கிறோம். அதில் 450 கிராமை நிறுத்து, குடும்பத்தில் ஒருவர் ஒரு நாள் அதை மட்டும் உண்டு பாருங்கள். நிழலில் அமர்ந்திருப்போருக்கு அது போதுமென்றே தோன்றும். பகலெல்லாம் மண் சுமந்தவருக்கோ? நம் சோதனை மறுநாள் முடிந்துவிடும். அவர்களுக்கோ மறுநாளும் அதே ஒரு பவுண்டுதான்.